சிவப்புக் கோடு விழாத பக்கங்கள்

தாடையைக் கொஞ்சம் தூக்குங்கன்னா தூக்குதாங்க. இப்போல்லாம் சொன்ன பேச்சக் கேக்காங்க. போன வருஷம் இதே என் வீட்டுக்காரருகிட்ட அந்தத் தம்ளரை இங்கிட்டு நகத்தி வைங்கன்னு சொல்லியிருந்தா, தம்ளர் பறந்து வந்து என் நெத்தியில விழுந்திருக்கும், காபியோட. மணி ஒம்பது பத்து. பத்து மணிக்கு ஐயர் வந்துருவாங்க. படுக்கையில கிடக்கவங்களுக்கு மாசத்துல முதல் சனிக்கிழமை சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுக்கது எங்க ஊர்ல வழக்கம். அதுக்குள்ள இவங்கள மழிச்சு, துடைச்சு, வெள்ளச் சட்டை மாட்டி, தலையணை உறை மாத்தி, ஸ்டூல் மேல வெள்ளத்துணி விரிச்சு வைக்கணும். ஞானதிரவியம் சாருக்கு முள்ளுத்தாடியோட கர்த்தரோட பந்தியில இருக்கது பிடிக்காது, ஊருக்கே தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரு, பதினெட்டு வருஷம் சபைச் செயலாளரு, ஒரு நாளாவது மழிக்காம வாசப்படி தாண்டினதில்ல. கத்தி இவங்க அப்பாவோடது, மடக்குக் கத்தி. பிளேடு, ஷேவிங் செட்டு, எதுவும் இவங்களுக்கு ஆகாது. தீட்டுத தோல்வாரு ஒன்றரை முழம், ஒரு நுனியில இரும்பு வளையம், அலமாரிப் பக்கத்து ஆணியில தொங்குது. இப்போ பத்து நிமிஷத்துக்கு முன்னால நான்தான் அதுல தீட்டினேன். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். அந்தச் சத்தத்துக்கு இவங்க கண்ண மூடிக்கிட்டாங்க. மூடட்டும். நான் இருபத்தெட்டு வருஷம் அந்த வாரு ஆணியிலருந்து இறங்குத சத்தத்துக்குக் கண்ண மூடினவ. சோப்ப இன்னும் கொஞ்சம் குழைக்கணும், இந்த மே மாச வெக்கையில நுரை நிக்கவே மாட்டேங்கு.

கன்னத்துல முதல் இழுப்பு. சரட்டுன்னு வருது. காலையில ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம், நானும் மக பியூலாவும் பாயில, இவங்க நாற்காலியில. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், விளக்கம், ஜெபம். குரல் நல்ல கனமான குரல், கோயில்ல வேதபாடம் வாசிச்சா கடைசி பெஞ்சுல தூங்குதவங்களும் முழிச்சுக்குவாங்க. கையில சிவப்புப் பென்சிலு. மனைவிமாரே கீழ்ப்படியுங்கன்னு வருதா, கோடு. பிரம்ப எடுக்காதவன் பிள்ளையப் பகைக்கான்னு வருதா, ரெண்டு கோடு. சண்டைக்காரப் பொம்பளகூட ஒரே வீட்டுல இருக்கதுக்கு மொட்டை மாடி மூலையே மேலுன்னு வருதா, கோட்டப் போட்டுட்டு நிமிந்து என்னை ஒரு பார்வை. பெண்டாட்டியத் தன் சரீரம் மாதிரி நேசின்னு, அந்தக் கீழ்ப்படியுங்கன்னு வாரதுக்கு நாலு வரி தள்ளியே இருக்கு. அங்க மட்டும் பென்சில் போகல, பென்சிலுக்கு என்ன வந்துச்சோ. வாசிச்சு முடிச்சு வேதத்த மூடி அலமாரியில வச்சிட்டுத்தான் வார எடுப்பாங்க. வேதத்தக் கையில வச்சுக்கிட்டு அடிக்க மாட்டாங்க, அந்தப் பயபக்தி உண்டு. முந்தின நாள்ல நான் செஞ்ச தப்பெல்லாம் வரிசையா வரும், குழம்புல உப்பு, வாசல்ல நின்னு பால்காரன்கிட்ட சிரிச்சது, அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணினது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வசனம், ஒவ்வொரு வசனத்துக்கும் ரெண்டு அடி. முதுகுலதான், ரவிக்கை மறைக்க இடத்துல. முகத்துல பட்டுட்டா அந்த ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல்னு கோயில்ல சொல்லிருவாங்க. ஒருதரம் மட்டும் கை தவறிப்போச்சு. ஜெபம் முடிஞ்சு நான் ஆமென் சொல்லல. தூக்கம், பிள்ளைக்கு அம்மை, ராவெல்லாம் முழிப்பு, சொல்ல மறந்துட்டேன். இடது காதுல ஒரு அறை. உள்ள ஏதோ கிழிஞ்சது எனக்கே கேட்டுது, அதுதான் அந்தக் காதுல நான் கேட்ட கடைசிச் சத்தம். ஆமென்ன்னு சொல்லுட்டின்னு கேட்டாங்க. சொன்னேன். சத்தமா. அந்தக் காதால அதக் கேக்கல, இன்னொன்னால கேட்டேன்.

இப்போ இவங்க வாயில இருக்கது அந்த ஒரே சொல்லுதான். தலைக்குள்ள ரத்தக்குழாய் அடைச்சு வலது கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு, எல்லாச் சொல்லும் போயி ஆமென் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கு. ரொம்ப நாள் பழகின சொல்லு சில பேருக்கு அப்படித் தங்கிப்போகும்னு டாக்டர் சொன்னாரு. கஞ்சி வேணுமான்னா ஆமென். கஞ்சி வேண்டாமான்னாலும் ஆமென். வலிக்கா, ஆமென். பக்கத்து வீட்டு ஜாய்சியக்கா இதக் கேட்டுட்டு அழுதாங்க, எப்பேர்ப்பட்ட தேவ மனுஷன், ஆவியானவர் மத்த எல்லா வார்த்தையையும் எடுத்துட்டு இந்த ஒண்ண வச்சிருக்காரு பாத்தியா ரஞ்சிதம்னாங்க. பாத்தேங்க்கா. நல்லாவே பாத்தேன். போன ஜூன் மாசம் ஒரு செவ்வாக்கிழமை நடந்தது அது. பியூலா தானே ஒரு பையனப் பாத்துக் கல்யாணம் பண்ணி ஓசூர்ல இருக்கா, அவகூடப் பேசக்கூடாதுன்னு உத்தரவு. நான் பேசினத போன்ல பாத்துட்டாங்க. வார எடுத்தாச்சு, கையத் தூக்கியாச்சு, தூக்கின கை இறங்கல. முகம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போச்சு. அப்படியே கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல விழுந்தாங்க. நான் பாத்தேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு, வாயோரம் கோழை. வாரு பக்கத்துல கிடந்துச்சு, அத எடுத்து ஆணியில மாட்டினேன். அப்புறம் கொல்லைக்குப் போயி ஊறப் போட்டிருந்த துணியத் துவைச்சேன். ஒரு பக்கெட்டு முழுக்க. கும்மி, அலசி, பிழிஞ்சு, உதறி, கொடியில போட்டு ஒண்ணு ஒண்ணுக்கும் கிளிப்பு மாட்டினேன், காத்தே இல்லாத நாள்ல. உள்ள வந்தேன். கண்ணு இன்னும் திறந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறந்தான் ஜாய்சியக்கா வீட்டுக்கு ஓடினேன். எப்போ விழுந்தாங்கன்னு டாக்டர் கேட்டாரு. இப்பத்தான்னு சொன்னேன். கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பேச்சையாவது காப்பாத்தியிருக்கலாம்னாரு அவரு, யாரையும் குத்தம் சொல்லாம, பேப்பர்ல எழுதிக்கிட்டே. இது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒரு ஆளால சொல்ல முடியாது.

மீசைக்குக் கீழ பைய வரணும், அங்க தோல் மெல்லிசு. ஆஸ்பத்திரியிலருந்து வந்த பிறகுதான் வேதத்த நானா எடுத்தேன். அதுவரைக்கும் எனக்குன்னு ஒண்ணு கிடையாது, பெண்கள் சங்கத்துல கொடுத்த சின்னதக்கூட இவங்க வாங்கி வச்சுக்கிட்டாங்க, தப்பா விளங்கிக்குவேனாம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சாகணும். இந்த ஆள நான் என்ன செய்யணும். கஞ்சி ஊத்தி, பீ அள்ளி, முதுகுல புண் வராமப் புரட்டிப் போட்டு இருபது வருஷம் வச்சிருக்கணுமா, இல்ல ஒரு நாள் கஞ்சிய மறந்துறலாமா. எங்க ஊர்ல குழப்பம் வந்தா ஒரு வழி உண்டு, கண்ண மூடி வேதத்தத் திறந்து விரல வைக்கது. எங்க விரல் விழுதோ அதுதான் பதில். மாப்பிள்ளை பாத்தது, வீடு வாங்கினது, ஆபரேசனுக்குச் சம்மதிச்சது, எல்லாம் விரல் வச்சுத்தான். நானும் உபவாசம் இருந்து விரல வச்சேன். இன்னான் இன்னானைப் பெத்தான், இன்னான் இன்னானைப் பெத்தான்னு ஒரு பக்கம் முழுக்கப் பேரு. சரின்னு மறுநாள் வச்சேன். கூடாரத் துணி எத்தன முழம்னு அளவு. மூணாம் நாள் வச்சேன் பாருங்க, ஒரு பொம்பள. கூடாரத்துக்குள்ள களைச்சு ஓடிவந்த எதிரித் தளபதிக்குப் பால் கொடுத்து, போத்திப் படுக்க வச்சு, தூங்கினதும் ஆணியையும் சுத்தியலையும் எடுத்து நெத்திப்பொட்டுல இறக்கிட்டா, ஆணி அந்தப்பக்கம் தரையில போயி நின்னுச்சு. அதுக்கப்புறம் அவளப் புகழ்ந்து ஒரு பாட்டு வேற. நான் வேதத்த மூடிட்டு அடுப்படியில போயி உக்காந்துட்டேன். பயமான்னா பயம் இல்ல. இப்படி ஒருத்தி உள்ள இருக்கான்னு இருபத்தெட்டு வருஷமா யாரும் எனக்குச் சொல்லலியே. அவளுக்குக் கோடு போட ஒரு பென்சில் இல்லியே.

அதுலருந்து விரல் வைக்கத விட்டுட்டு முதல் பக்கத்துலருந்து படிக்க ஆரம்பிச்சேன், மத்தியானம் இவங்க தூங்கும்போது. சங்கீதம்னு பாட்டும் ஜெபமுமா இருக்க புஸ்தகத்துக்கு வந்தப்போதான் எனக்கு வழி கிடைச்சுது. நல்ல வழின்னு சொல்லல. கெட்டவங்க வாயிலயே பல்ல உடைச்சுப் போடும்னு கேக்க ஜெபம் இருக்கு அதுல. நத்தை மாதிரிக் கரைஞ்சு போகட்டும், கண்ணு இருண்டு போகட்டும், இடுப்பு எப்பவும் தள்ளாடட்டும்னு ஒருத்தன் உக்காந்து எழுதி வச்சிருக்கான், பாட்டா. அடிபட்டவன் எவனோ. நான் மறுநாள் காலையில ஆறு மணிக்கு நாற்காலியக் கட்டிலுக்குப் பக்கத்துல இழுத்துப் போட்டேன், இவங்க நாற்காலிதான். குடும்ப ஜெபம் நிக்கக்கூடாதுல்ல. பல்ல உடைக்கதிலருந்து ஆரம்பிச்சேன். நிறுத்தி, நிதானமா, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, கண்ணப் பாத்து. முடிச்சதும் இவங்க ஆமென்னாங்க. கண்ணுலருந்து தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. துடைக்கல நான். அதுலருந்து தினமும் ஒண்ணு. தீர்ந்துட்டா திரும்ப முதல்லருந்து. கூடவே தீர்க்கதரிசிங்க வேற இருக்காங்க, அவங்ககிட்டச் சாபத்துக்குப் பஞ்சமே இல்ல. ஒரு அறை விழுந்தா ஒரு நாள்தான் வலிக்கும், இது அப்படி இல்ல, காதுக்குள்ளயே கிடந்து ஊறும், எனக்குத் தெரியும். ஜாய்சியக்காவுக்கு ஜன்னல் வழியா என் குரல் கேக்கும், சொல்லு பிடிபடாது போல. உன் ஜெபத்தக் கேட்டுத்தான் ரஞ்சிதம் என் நாளே விடியுதுன்னாங்க. நேத்து சாயங்காலம் வந்து, பெண்கள் சங்கத்துல எல்லாரும் சேந்து முடிவு பண்ணியிருக்கோம், ஜூன் கூட்டத்துல நீதான் பேசணும், வேதம் காட்டுத குடும்ப வாழ்க்கைன்னு தலைப்பு, உன்னை விட்டா யாரு இருக்கான்னு கையப் பிடிச்சாங்க. சரிக்கான்னேன். வேற என்னத்தச் சொல்ல.

இன்னைக்குக் காலையிலதான் மாட்டிக்கிட்டேன். பெரிய சாபம் ஒண்ணு இருக்கு, நீளமானது, அதத்தான் கடைசிக்குன்னு வச்சிருந்தேன். அவன் நாள் குறையட்டும், அவன் பொண்டாட்டி விதவையாகட்டும்னு வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. எழுதினவனே, அது சாபமா எனக்கு. சிரிச்சுக்கிட்டே அடுத்த வரிக்குப் போனேன், அவன் பிள்ளைங்க அலைஞ்சு திரிஞ்சு பிச்சை எடுக்கட்டும்னு இருக்கு. வாசிக்கத நிறுத்திட்டேன். அவன் பிள்ளைன்னா பியூலா. வேற யாரு இருக்கா. அவளுக்கு ஒம்பது வயசுல இதே வாரால ஆறு அடி, பாட்டுப் புஸ்தகத்துல படம் வரைஞ்சதுக்கு. நான் என்ன செஞ்சேன். குறுக்க விழுந்தேனா. விழல. கைய நீட்டு, அப்பா சொல்லுதாங்கல்ல, சீக்கிரம் முடிஞ்சிரும்னு அவ கையப் பிடிச்சு நானே நீட்டினேன். சவம், அந்தக் கைதான் இப்போ கத்தியப் பிடிச்சிருக்கு. அப்புறம் அவ தேம்பித் தேம்பி அழும்போது தாய் தகப்பனைக் கனம் பண்ணுன்னு இருக்குல்லாட்டி, போயி மன்னிப்புக் கேளுன்னு அனுப்பினேன். அந்த வசனத்துக்கு ரெண்டு கோடு. நேத்து போன்ல, எம்மா நீ கிளம்பி வா, அவங்களுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம், உனக்கு என்ன விதியான்னு கேக்கா. நான் வரலட்டின்னேன். ஏன்னு கேட்டா. அப்பாவுக்கு ஜெபம் பண்ண ஆள் வேணும்லான்னேன். நீ நல்லவம்மான்னு சொல்லிட்டு வச்சுட்டா. அதுதான் ராத்திரியெல்லாம் நெஞ்சுல கரண்டியால கிண்டினது.

கழுத்துக்கு வந்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. தலைக்குக் கீழ கையக் கொடுத்துத் தூக்கி, துணிய மடிச்சு வச்சு, தாடைய மேல தள்ளினா தொண்டை முழுசா நிக்கு. முடிச்சு ஏறுது, இறங்குது. பக்கத்துல நரம்பு துடிக்கது கண்ணுக்கே தெரியுது, துடி, துடி. அசனப் பண்டிகைக்குக் கோயில் வளாகத்துல ஆடு அறுக்கும்போது பாத்திருக்கேன், ஊருக்கே சோறு போடுத நாள், இருபது ஆடு. ஒரு இழுப்புத்தான். அறுக்கவன் முகத்தக்கூடச் சுளிக்க மாட்டான், ரத்தம் முதல்ல வராது, ஒரு நொடி கழிச்சுத்தான் பீச்சும். கத்தி வழுக்கிட்டுன்னு சொன்னா யாரு நம்ப மாட்டா. பாவம் ரஞ்சிதம், கை நடுங்கியிருக்கும், எத்தன நாள் தூக்கம் கெட்ட பொம்பளைன்னு ஜாய்சியக்காவே சொல்லுவாங்க. ஐயர் பத்து மணிக்கு வந்து அடக்க ஆராதனைக்கு நேரம் குறிச்சிட்டுப் போவாங்க. கத்தி தோல்ல படிஞ்சு நிக்கு. நானா வைக்கேனா அதுவா நிக்கா தெரியல. ஞானதிரவியம், உனக்குத் தெரியுது, நான் என்ன நினைக்கேன்னு உனக்குத் தெரியுது. கண்ணு என்னையே பாக்கு. அன்னைக்குத் தரையில கிடந்து பாத்த அதே பார்வை. பழிவாங்குதது என் வேலைன்னு கர்த்தர் சொல்லியிருக்காரு, சரி, எப்போ செய்வீரு, நான் கிழவியானப் பிறகா. உம்ம வேலைய நீர் அந்த ஆணிக்காரிகிட்ட மட்டும் கொடுத்தீரே. என் இடது காதைத் திருப்பித் தாரும், நான் கத்தியக் கீழ வைக்கேன். பிள்ளையோட ஒம்பது வயசத் திருப்பித் தாரும். தோல் கொஞ்சம் அமுங்கிச்சு. இவங்க தாடையத் தூக்கினாங்க. நான் சொல்லாமலே, இன்னும் கொஞ்சம் மேல தூக்கிக் கொடுத்தாங்க, கண்ண மூடிக்கிட்டு. ஆமென்னாங்க.

என் கை வெடுக்குன்னு இழுத்துட்டு. சின்னக் கீறல்தான். வெள்ள நுரையில சிவப்பா ஒரு கோடு இறங்கி, காறை எலும்பு வரைக்கும் வந்து, பனியன்ல ஊறுது. கத்தியத் தண்ணிக்குள்ள போட்டுட்டேன். பஞ்சு எங்க, பஞ்சு, அமுக்கிப் பிடிக்கேன், விரலுக்குக் கீழ அந்த நரம்பு இன்னும் துடிக்கு. தாடையத் தூக்கினது ஏன். கொன்னுருன்னு சொன்னாங்களா, மழிக்கதுக்குத் தோதா இருக்கட்டும்னு தூக்கினாங்களா. நான் முதுகக் காட்டினேனே இருபத்தெட்டு வருஷம், பியூலா கைய நீட்டினாளே, சீக்கிரம் முடியட்டும்னு. அதே மாதிரியா. ஐயோ, அதே மாதிரிதான். ஆறு மணிக்கு நாற்காலியில உக்காந்து நான் படிக்கேனே, நிறுத்தி, நிதானமா, சொல்லுக்குச் சொல்லு இடைவெளி விட்டு, அது யாரு குரலு. எனக்கு அப்படி ஒரு குரல் கிடையாது. நான் அடுப்படியில பேசுதவ. அது இவங்க குரலு. பென்சில் இல்ல, அவ்வளவுதான், சாபத்தப் பாத்துப் பாத்துப் பொறுக்கினேன், மத்ததெல்லாம் தாண்டித் தாண்டிப் போனேன். இவங்க வேதத்த மூடி வச்சிட்டு அடிச்சாங்க. நான் திறந்து வச்சுக்கிட்டே அடிச்சேன். மாசக்கணக்கா, தினமும், காலையில ஆறு மணிக்கு. எனக்கு அழுகை வருது, இவங்களுக்காக இல்ல, சத்தியமா இவங்களுக்காக இல்ல.

மணி ஒம்பது நாப்பது. ரத்தம் நின்னுட்டு. தாண்டிப் போன பக்கத்துல ஒண்ணு இருக்கு, போன வாரம் படிச்சது, சுவிசேஷத்துல. இது ரொம்பச் சாதாரணமா இருக்கேன்னு கவனிக்காமப் போனேன். சாபமும் இல்ல ஆசீர்வாதமும் இல்ல, ரேஷன் கார்டுல பேர் திருத்தப் போனா எந்த ஜன்னலுக்கு முதல்ல போகணும்னு சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி. ஒருத்தன் உனக்குத் தப்பு செஞ்சா முதல்ல நீ போயி அவன்கிட்டத் தனியாச் சொல்லு. கேக்கலன்னா இன்னும் ஒரு ஆள, ரெண்டு ஆளக் கூட்டிக்கிட்டுப் போயிச் சொல்லு. அப்பவும் கேக்கலன்னா சபைக்கே சொல்லு. அவ்வளவுதான். பொறுத்துக்கோன்னும் இல்ல, ஆணிய எடுன்னும் இல்ல. சொல்லுன்னு இருக்கு. கோடு கிடையாது அங்க, நான் திருப்பிப் பாத்தேன், அந்தப் பக்கம் புதுசு மாதிரி வெள்ளையா இருந்துச்சு. நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கேனா. அடிச்சப்போ அழுதேன், கெஞ்சினேன், மன்னிச்சிருங்கன்னு செய்யாத தப்புக்கெல்லாம் கேட்டேன். நீங்க செய்யது தப்புன்னு, இந்த மூணு சொல்லு, ஒரு நாள் என் வாயிலருந்து வந்ததே இல்ல. இப்போ யாருக்குப் பயப்படுதேன் நான். ஒரு கை அசையாது. பேச்சு கிடையாது. இப்பவும் நாக்கு மேலண்ணத்துல போயி ஒட்டிக்கிட்டு நிக்கே, என்ன கோட்டித்தனம் இது. முகத்துல மிச்ச நுரையத் துடைச்சேன். துண்டக் கீழ வச்சேன். நாற்காலியில உக்காரல, கட்டில் ஓரத்துல உக்காந்தேன். நீங்க என்னை அடிச்சது தப்புன்னு சொன்னேன். குரல் கீச்சுன்னு வந்துச்சு, தொண்டையக் கனைச்சு இன்னொருக்கச் சொன்னேன். என் காதப் போக்கினது தப்பு. பிள்ளைய அடிச்சது தப்பு. அதுக்கெல்லாம் வேதத்தச் சாட்சிக்கு இழுத்தது எல்லாத்துலயும் பெரிய தப்பு. ஆமென்னாங்க. அத நான் என்னன்னு எடுத்துக்க. கஞ்சிக்குச் சொல்லுத ஆமென்னா, நெஞ்சிலருந்து வார ஆமென்னா, மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கு ஒண்ணும் பிடிபடல. கண்ணுல தண்ணி நிக்கு, அதுவும் எதுக்கும் நிக்கும். கேட்டாங்களா கேக்கலியான்னு தெரியாத ஆளுக்கு என்ன செய்யணும்னு எழுதல. கேக்கலன்னே வச்சுக்கிட்டு அடுத்ததுக்குப் போகணும் போல. அடுத்தது இன்னொரு ஆளு.

வாசல்ல பைக் நிக்கு. ஐயர் வந்துட்டாங்க, ஜோதிராஜ் ஐயர், பியூலாவவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும், கறுப்புப் பையோட, வேர்த்து விறுவிறுத்து. வெள்ளச் சட்டை மாட்டி முடிக்கதுக்குள்ள உள்ள வந்தாச்சு.

"ஸ்தோத்திரம்மா. சார் எப்படி இருக்காங்க?"

இவங்க ஆமென்னாங்க. ஐயர் சிரிச்சுக்கிட்டே இவங்க தலையில கைய வச்சு ஒரு நிமிஷம் நின்னாங்க. கழுத்துப் பஞ்சப் பாத்தாங்க.

"கீறிட்டா?"

"நான்தான் கீறிட்டேன்யா."

"நீங்களும் எத்தனதான் பாப்பீங்க" ன்னுட்டு ஸ்டூல்ல பாத்திரத்த எடுத்து வச்சாங்க. சின்ன வெள்ளிக் கிண்ணம், அப்பம், கழுத்துப் பட்டைய மாட்டிக்கிட்டு, புஸ்தகத்தத் திறந்து அந்த அழைப்ப வாசிக்க ஆரம்பிச்சாங்க. மனஸ்தாபப்பட்டு, பக்கத்துல இருக்கவங்களோட அன்பும் சமாதானமுமா இருக்கவங்க கிட்ட வாங்கன்னு வரும் அது. பத்து மாசமா அந்த இடத்துல நான் முழங்கால் போட்டிருக்கேன், முழங்காலுக்கு ஒண்ணும் ஆகல. இன்னைக்கு மடங்கவே மாட்டேங்கு.

"ஐயா, நான் கிட்ட வர முடியாது."

வாசிக்கத நிறுத்தி நிமிந்தாங்க. "ஏம்மா, உடம்புக்கு முடியலயா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சமாதானமா இருக்கவங்கதான வரணும். நாங்க ரெண்டு பேரும் சமாதானமா இல்ல. என்னைக்குமே இருந்ததில்ல."

ஐயர் இவங்களப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, ஆணியில தொங்குத வாரக்கூட ஒரு தடவ பாத்தாங்க, என்னன்னு தெரியாம. கையில புஸ்தகம் திறந்தபடியே நிக்கு.

"குடும்பம்னா ஆயிரம் இருக்கும்மா. கர்த்தருக்குத் தெரியும். முதல்ல நற்கருணைய முடிச்சிருவோம், அப்புறம் உக்காந்து நிதானமாப் பேசுவோம், என்ன?"

"இல்லய்யா. பேசிட்டு முடிப்போம்."

என் குரல்தான் அது, அடுப்படிக் குரலு. கட்டில்ல இவங்க இடது கை போர்வையப் பிடிச்சு இழுக்கு, வாயத் திறந்தாங்க, எதுவும் வரல. ஐயர் கைக்கடிகாரத்தப் பாத்தாங்க. அப்புறம் வெள்ளத்துணிய எடுத்துக் கிண்ணத்த மூடி, கழுத்துப் பட்டையக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்தாங்க.

"சொல்லுங்கம்மா."

"முதல்ல நான் செஞ்சதச் சொல்லிருதேன்யா, அது பதினோரு மாசக் கதை. இவங்க செஞ்சது இருபத்தெட்டு வருஷம். சொல்லி முடிய மத்தியானம் தாண்டும், இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."